நாலு ரூபாய் கரண்ட்

அந்த வாரம் முழுக்க அஞ்சலாட்சிக்குப் பைக் சத்தமே ஆகாமல் போனது. பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் குடியிருந்துகொண்டு பைக் சத்தத்துக்குப் பயந்தால் எப்படிப் பிழைப்பது? பால்காரன், கொரியர்காரன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறவர்கள் என்று விடிந்ததிலிருந்து தெரு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் எந்த வண்டியாவது அவள் வீட்டு வாசலில் வேகம் குறைத்தால் போதும், கிரைண்டருக்குள் மாவைத் தள்ளிக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும். இருபத்தைந்து வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறவளுக்குச் சுற்றுகிற கல்லுக்குள் கையை நிறுத்தக்கூடாது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை விரல் நசுங்கப் பார்த்தது.

எல்லாம் லைன்மேன் ராஜ்கமல் திங்கட்கிழமை கேட்ட ஒரே கேள்வியால் வந்தது. அவன் அந்தப் பகுதிக்கு லைன்மேனாக வந்து ஆறு வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் அவளிடம்தான் மாவு வாங்குவான். அன்றைக்கும் தூக்குவாளியை நீட்டிவிட்டு, மாவு ஊற்றுகிற நேரத்தில் சும்மா இருக்காமல் சுவரிலிருந்த மீட்டரை எட்டிப் பார்த்தான்.

"யக்கா, போன மாசம் வெயிலு நல்லாத்தான அடிச்சிது?"

"அடிச்சிதே தம்பி. மண்டைய பொளந்துதே."

"அப்பறம் ஏன் நீங்க எங்களுக்கு அனுப்புற கரண்ட் பாதியா கொறஞ்சி கெடக்குது? தகடு ஏதாச்சும் பழுதா?"

அஞ்சலாட்சி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "காக்கா எச்சம் போட்டு வச்சிது தம்பி. மூட்டு வலி, மாடியேறித் தொடைக்கல."

"கரெக்டா பாதி தகட்டுலதான் காக்கா குந்துதா?" ராஜ்கமல் சிரித்தான். அவன் விளையாட்டாகத்தான் சிரித்தான். "தொடைச்சி வையிங்க யக்கா. சோலார் போட்ட வூடெல்லாம் போய்ப் பாக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்குது. ஆபீசுலேர்ந்து என்னைக்கி வேணாலும் ஆளு வரும்."

அவன் வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று இரவு அஞ்சலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை.

மாடியில் இருப்பது எட்டு சோலார் தகடு. நான்கு வருஷத்துக்கு முன்னால், மூன்று கிரைண்டரும் மூச்சுவிடாமல் ஓடிய காலத்தில், கரண்ட் பில்லுக்குப் பயந்து போட்டது. மாட்டிக் கொடுத்தவன் இளஞ்செழியன் என்கிற உழவர்கரைப் பையன். மாட்டி முடித்ததும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் நிற்கவைத்து அவன் பாடம் எடுத்தான். "பகல்ல உங்களுக்குப் போக மிச்சம் உள்ள கரண்ட் தானா லைனுக்குப் போயிடும். இந்த மீட்டரு வர்றத தனியா எண்ணும், போறத தனியா எண்ணும். வருஷக் கடைசியில மிச்சத்துக்கு அவங்க வெல போட்டுக் குடுப்பாங்க. ஆனா ஒண்ணு. லைன்ல கரண்ட் போயிட்டா, எவ்ளோ வெயிலு அடிச்சாலும், தகட்டு கரண்ட லைனுக்கு அனுப்புற இந்தப் பொட்டி தூங்கிடும். ஏன் தூங்குதுன்னு சண்டைக்கி வராதீங்க. அது தூங்கினாத்தான் கம்பத்துல ஏறுறவன் உசுரோட எறங்குவான்."

அஞ்சலாட்சி அதைக் கேட்டுக்கொண்டாள். அவள் புருஷன் புருஷோத்தமன் தலையை ஆட்டினார். பஞ்சாலை மூடுகிறவரை அங்கே எலெக்ட்ரிக் செக்‌ஷனில் ஹெல்பராக இருந்தவர் அவர். இப்போது ஹார்டுவேர் கடையில் கிளிப்பும் ஒயரும் எடுத்துக் கொடுக்கிறார். கரண்டைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவருடைய எண்ணம். அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு வருகிற தைரியம் முழுக்கத் தெரிந்தவர்களுக்கு வராது.

அப்புறம் பாக்கெட் மாவு வந்தது. பெட்டிக்கடையில்கூட ஐஸ்பெட்டிக்குள் மாவுப் பாக்கெட். மூன்று கிரைண்டரில் இரண்டுக்குச் சாக்கைப் போர்த்தி வைத்தார்கள். கரண்ட் மிச்சமானது. மிச்சமான கரண்டெல்லாம் லைனுக்குப் போனது. வருஷக் கடைசியில் வந்த விலையைப் பார்த்ததும் புருஷோத்தமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யூனிட்டுக்கு இரண்டே ரூபாய் சில்லறை.

விலையை முடிவு செய்கிற ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தபோது, ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இஸ்திரிபோட்ட சட்டையோடு போனார். மைக்கைப் பிடித்து, "எங்ககிட்ட ரெண்டு ரூவாய்க்கு வாங்குறீங்க. அதே கரண்ட, அடுத்த வூட்டுல தையல் மிஷினு போட்டிருக்குற பொண்ணுக்கு ஏழு எட்டுனு விக்கிறீங்க. நடுவுல அந்த அஞ்சு ரூவா எங்க போவுது?" என்று கேட்டார். கைதட்டல்கூட விழுந்தது. மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பதில் சொன்னார். உங்கள் கரண்ட் வெயில் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. அதை நம்பி நாங்கள் வேறு இடத்தில் வாங்காமல் இருக்க முடியாது. வாங்காமல் தவிர்க்க முடிந்தது எவ்வளவோ அந்த விலைதான் உங்களுக்கு. கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், மழையில் ஏறுகிற லைன்மேன் எல்லாம் எங்கள் செலவு. அதெல்லாம் விற்கிற விலையில் சேரும்.

"கம்பத்துல ஏறுறவன் கூலிய நாங்க ஏன் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் புருஷோத்தமன். வீட்டுக்கு வந்து பத்து நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பதினோராம் நாள், லைனில் கரண்ட் போனாலும் தூங்காத பழைய பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வந்தார். எட்டுத் தகட்டில் நான்கைக் கழற்றி அதில் சேர்த்தார். மாடிப்படி அறையில் ஒரு சுவிட்சு வைத்து, அங்கிருந்து ஒயரைக் குழாய்க்குள் விட்டு, பின்சுவரைத் தாண்டி கலைமகள் வீட்டுக்குள் இறக்கினார்.

கலைமகள்தான் அந்தத் தையல்காரி. அஞ்சலாட்சியின் கொல்லைச் சுவரும் அவள் கொல்லைச் சுவரும் ஒன்று. அவள் வீட்டு வாசல் பின்பக்கத்து முட்டுச்சந்தைப் பார்த்திருக்கும். விலை பேசியது புருஷோத்தமன் இல்லை, பெண்கள்தான். அஞ்சலாட்சி துணி துவைக்கிற கல்மேல் ஏறி நின்றாள், அந்தப் பக்கம் கலைமகள் முக்காலிமேல்.

"மூணு ரூவாய்னு வச்சிக்கலாங்க்கா."

"மூணா? தகடு என்னா மரத்துலயா காய்க்குது? அஞ்சு குடு."

"அஞ்சுன்னா, கூட ரெண்டு போட்டு நான் கரண்ட் ஆபீசுகாரங்கிட்டயே பயமில்லாம வாங்கிட்டுப் போறேனே. மிஷினு ரெண்டும் ஓடுனாத்தாங்க்கா எனக்கு."

"சரி, நாலு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

"நாலு. பிளவுசுக்கு ஓரம் பிரியாம ஓவர்லாக் சும்மா அடிச்சித் தர்றேன்."

ஆணையம் இல்லை, மைக் இல்லை, கருத்துக்கேட்பு இல்லை. கால்மணி நேரத்தில் இரண்டு பெண்கள் ஒரு விலையைப் போட்டு முடித்துவிட்டார்கள். அது குற்றம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கலைமகள் வீட்டில் புருஷோத்தமன் ஒரு சேஞ்சோவர் சுவிட்சு வைத்திருந்தார். மேலே தள்ளினால் ஆபீஸ் கரண்ட், கீழே இழுத்தால் மாடிக் கரண்ட். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஆனால் பாண்டிச்சேரி உப்புக்காற்று எதை விட்டு வைத்தது? ஐப்பசி பிறக்குமுன் சுவிட்சுக்குள் பச்சைக் களிம்பு பூத்து, கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. "புதுசு வாங்கிப் போடுற வரைக்கும்" என்று சொல்லி, ஒயரை நேராகச் சேர்த்து வைத்தார். அதற்குப் பிறகு சட்டம் ஒன்று போட்டார். கலைமகள் முதலில் ஆபீஸ் கரண்ட் வருகிற மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். இறக்கியதற்கு அடையாளமாகக் கொல்லைச் சுவரில் சிவப்புத் துணி போட வேண்டும். துணியைப் பார்த்த பிறகுதான் அஞ்சலாட்சி மாடிச் சுவிட்சைப் போட வேண்டும்.

"ஏங்க, ஒரு போன் பண்ணிச் சொன்னா ஆவாதா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"போன்ல பேசினா பதிவாயிடும்டி. நாளைக்கி மாட்டுனா அதான் சாட்சி. துணி என்னா பேசவா போவுது?"

திங்கட்கிழமை ராஜ்கமல் கேட்டுவிட்டுப் போன பிறகு அவள் புருஷனிடம் கெஞ்சினாள். புதன்கிழமை ராத்திரி கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தாள்.

"வேணாங்க. கழட்டிடுங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. வாசல்ல வண்டி நின்னா, புடிச்சிட்டுப் போகத்தான் வந்துட்டாங்கன்னு இருக்குது."

"யாரு புடிப்பா? நம்ம கூரை, நம்ம தகடு, நம்ம வெயிலு."

"வெயிலு நம்முளுதுன்னு அவங்கிட்ட சொல்லுவீங்களா? மீட்டர புடுங்கிட்டுப் போயிடுவான். போலீசுன்றாங்க. அபராதம்னு போட்டா இந்த வூட்டத்தான் விக்கணும். பூர்ணிமா மாமியா வூட்டுல தலநிமுந்து நிக்க முடியுமா, அம்மா கரண்ட் திருடினான்னு?"

பூர்ணிமா அவர்களுடைய ஒரே மகள். உப்பளத்தில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

புருஷோத்தமன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "திருடுறதுன்னா அவங்கிட்டேர்ந்து எடுக்கறது. நாம நம்முளுத குடுக்கறோம். இப்ப திடீர்னு நிறுத்துனாத்தான் சந்தேகம் வரும். சேஞ்சோவர் கடைக்கி வர்றது வெள்ளிக்கெழம. வந்ததும் மாட்டிடறேன். அதுவரைக்கும் யாரு வந்து கேட்டாலும் நீ வாய மட்டும் தொறக்காத. ஒனக்கு ஒண்ணுந் தெரியாது. புரியிதா?"

"புரியிது" என்றாள். வாயைத் திறக்காதே என்ற அந்தச் சொல் அவளுக்குள் ஆணியடித்த மாதிரி இறங்கி உட்கார்ந்தது.

வியாழக்கிழமை பூராவும் நல்ல வெயில். ராத்திரி புயல் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. கிரைண்டரில் உளுந்து பாதி அரைபட்ட நிலையில் நின்றது. அஞ்சலாட்சி குழவியைத் தூக்கி, நுரைத்த உளுந்தை வழித்து எடுத்து, ஈரத்துணி போட்டு மூடினாள். வாடிக்கைக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து வெறும் பாத்திரத்தோடு திரும்பினார்கள். சந்தில் தூங்குமூஞ்சி மரத்துக் கிளை முறிந்து கம்பியை அறுத்துவிட்டது என்றும், சரிசெய்கிறவரை பகுதி முழுக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். புருஷோத்தமன் சட்டைக்குமேல் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளில் கடைக்குப் போனார்.

பதினொரு மணிக்கு மழை விட்டது. கொல்லைக்குப் போனவள் சுவரைப் பார்த்தாள். சிவப்புத் துணி தொங்கியது.

கரண்ட் இல்லாத நாளில் பாவம், கலைக்கு என்ன அவசரமோ, முகூர்த்த நாள் வேறு என்று நினைத்துக்கொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். முந்தின நாள் வெயிலில் பேட்டரி நிறைந்திருந்தது. சுவிட்சைப் போட்டாள். இறங்கி வந்து உளுந்தை மோந்து பார்த்தாள். இன்னும் புளிக்கவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். சந்துப் பக்கம் ஜீப் ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடிக்கொண்டது. ஆண்கள் குரல். "சந்துல இந்த வூடுதான் கடைசி."

வந்துவிட்டார்கள். கலைமகள் வீட்டைப் பார்க்க வந்துவிட்டார்கள். கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினாள். அடுப்படி இருட்டில், சாக்குப் போர்த்திய கிரைண்டருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். மாடிக்குப் போய்ச் சுவிட்சை அணைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் மாடிப்படி அறை சந்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அவள் தலை தெரிந்தால் தகடு தெரியும், குழாய் தெரியும், ஒயர் எங்கே போகிறது என்று தெரியும். அவர் சொன்னாரே. ஒண்ணும் தெரியாது. வாயைத் திறக்கக்கூடாது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல ஒளிந்து உட்கார்ந்திருக்கிற கேவலத்தை நினைத்து அழுகை வந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து பேச்சு கேட்டது. அதில் ஒன்று ராஜ்கமலின் குரல்.

"பெரியப்பா, ஏணிய இப்பிடிச் சாத்து. கம்பத்துகிட்டயே அறுந்திருக்குது பாரு. உச்சியில ஒரு மொழம்தான் மிச்சம்."

"கரண்ட் கிரண்ட் இருந்தா மண்ணுக்கு எறக்க, எர்த் ராடு எடுத்துக் குடுக்கட்டுமாடா?" இது வயசான குரல். ராஜ்கமலோடு எப்போதும் வருகிற கலியபெருமாள் என்கிற உதவியாள்.

"இந்த மொழக் கம்பிக்கி எதுக்கு ராடு? அந்தப் பக்கம் அறுந்து தரையில கெடக்குது. இந்தப் பக்கம் ரெண்டு வூட்டு ஒயருதான். இதுல எங்கேர்ந்து கரண்ட் வரப்போவுது? இன்னும் ஏழு எடம் இருக்குது. குடு கட்டிங் பிளேயர."

அஞ்சலாட்சிக்கு அந்தக் கணம் உயிர் திரும்பி வந்தது. பிடிக்க வரவில்லை. கம்பி கட்ட வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்து, கொல்லைக் கதவின் தாழைச் சத்தமில்லாமல் நீக்கி, கல்மேல் ஏறிச் சுவருக்குமேலே கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தாள்.

ராஜ்கமல் பாதிக் கம்பம் ஏறியிருந்தான். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையுறை இடுப்பில் தொங்கியது. அவனுக்குப் பின்னால், சந்துக்கு எதிர்ப்பக்கம், சொல்தா தேவதாஸ் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். குடும்பத்தோடு பாரீசில் இருக்கிறார், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். போனமுறை போகும்போது கேட் விளக்கை அணைக்க மறந்துவிட்டார். அது ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கும். அதனால் சந்துக்காரர்களுக்கு அது ஒரு வசதி. கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க யாரும் சுவிட்சைத் தட்டுவதில்லை. கதவைத் திறந்து சொல்தா வீட்டு விளக்கைப் பார்ப்பார்கள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் வந்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். அடுப்படி இருட்டாகக் கிடந்தது. மின்விசிறி நின்றிருந்தது. தெருவில் எங்கும் மோட்டார் சத்தம் இல்லை. மறுபடி விளக்கைப் பார்த்தாள். சந்தின் கடைசிக் கம்பத்திலிருந்து கரண்ட் எடுப்பது இரண்டே வீடு, கலைமகள் வீடும் சொல்தா வீடும். பகுதி முழுக்கச் செத்துக் கிடக்கும்போது அந்த விளக்குக்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது?

சுவரில் தொங்கிய சிவப்புத் துணி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டாள். சொட்டச் சொட்ட ஈரம். ஓரத்தில் ஊக்கு போட்டு, அளவு எழுதிய சீட்டு ஒன்று குத்தியிருந்தது. லைனிங் துணி. தைத்த பிறகு சுருங்காமல் இருக்கத் தண்ணீரில் நனைத்துக் காயப் போடுவார்களே, அது. கலைமகள் மெயினை இறக்கவே இல்லை. லைனிங்கைக் காயப்போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறாள். மாடியிலிருந்து இறங்கிய கரண்ட் கலைமகள் வீட்டுக்குள் போய், அவள் மெயின் வழியாக வெளியே வந்து, கம்பத்து உச்சியில் மிச்சமிருந்த ஒரு முழக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது.

ராஜ்கமல் மேலே போய்விட்டான். இடுப்புக் கயிற்றைக் கம்பத்தில் சுற்றி மாட்டினான்.

அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மீட்டர், போலீஸ், அபராதம், பூர்ணிமா. மாடிக்கு ஓடிச் சத்தமில்லாமல் அணைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு படி. அவள் முழங்காலுக்கு ஒரு நிமிஷம் ஆகும். மேலே ராஜ்கமல் கட்டிங் பிளேயரைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, கம்பியின் முனையைப் பிடித்து இழுக்க வெறும் கையை நீட்டினான்.

"தொடாத!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. மாடு கத்துவது போல இருந்தது.

"தொடாத தம்பி! கம்பியில கரண்ட் இருக்குது! டேய் ராஜ்கமலு, தொடாதடா!"

கை நின்றது. கம்பிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண். அவன் குனிந்து பார்த்தான். சுவருக்குமேலே விரிந்த தலையும் பிதுங்கிய கண்ணுமாக மாவுக்கார அக்கா.

"என்னா யக்கா? மொத்தமும் ஷட்டவுனு."

"எங்க வூட்டுது தம்பி! எங்க வூட்டு கரண்ட்! எறங்கு. உன் கால்ல உழறேன், எறங்குடா."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு எதிரே சொல்தா வீட்டு விளக்கைப் பார்த்தான். நீட்டிய கையை மெல்ல, ஒரு பாம்பிடமிருந்து எடுப்பதுபோல, நெஞ்சோடு இழுத்துக்கொண்டான்.

அவள் மாடிக்கு எப்படி ஏறினாள் என்று பிற்பாடு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சுவிட்சை அணைத்தாள். அங்கிருந்து பார்த்தபோது சொல்தா வீட்டு விளக்கு அணைந்திருந்தது. கம்பத்தின் கீழே கலியபெருமாள் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கும் தெரியாது. ராஜ்கமல் சேற்றில் உட்கார்ந்திருந்தான். எதையோ உதறுகிறவன் போல வலது கையை உதறிக்கொண்டே இருந்தான்.

பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரும் தெருவைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக் கொல்லைக்கு வந்தார்கள். அவள் கொண்டுவந்த தண்ணீரை ராஜ்கமல் வாங்கவில்லை. குழாயைப் பார்த்தான். அது எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று கண்ணாலேயே அளந்தான்.

"இதான் காக்கா எச்சமா யக்கா?"

அவள் அழுதாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சேஞ்சோவர் உடைந்தது, சிவப்புத் துணி, லைனிங் எல்லாம்.

"யூனிட்டு என்னா வெலைக்கி குடுத்தீங்க?"

"நாலு ரூவா தம்பி."

"நாலு ரூவா" என்றான். கலியபெருமாளைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னான். "நாலு ரூவாயாம் பெரியப்பா."

கலியபெருமாள் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் ராடு எடுத்துக் குடுக்கட்டுமான்னு கேட்டேன்ல. கேட்டுட்டுச் சும்மா நின்னுட்டேன். உன் பொண்டாட்டிக்கி நான் என்னா பதிலு சொல்லுவேன்."

அந்த நேரத்தில்தான் புருஷோத்தமன் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமை வரும் என்று சொன்ன புதுச் சேஞ்சோவர் சுவிட்சு அட்டைப் பெட்டியோடு கேரியரில் இருந்தது. காக்கிச் சட்டைகளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

"என்னா தம்பி? என்னா விஷயம்? இந்த ஒயரா? இது சும்மா, நம்ம பழைய மோட்டாருக்கு போட்டு வச்சது, கனெக்‌ஷனே கெடையாது…"

"பேசாதீங்க" என்றாள் அஞ்சலாட்சி.

"நீ உள்ள போ."

"போவ மாட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இன்னும் ஒரு நொடி நான் வாய மூடியிருந்தா, இந்தப் புள்ள அந்தக் கம்பத்துலயே தொங்கியிருக்கும். கருகிப் போயிருக்கும். வெறுங்கைய நீட்டுனத நான் பாத்தேன்."

புருஷோத்தமன் ராஜ்கமலின் கையைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். மெயின் இறங்காமல் சுவிட்சு போட்டால் என்ன ஆகும் என்பதை எலெக்ட்ரிக் செக்‌ஷன் ஹெல்பருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேரியரிலிருந்த பெட்டியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் ரிப்போர்ட்டு எழுதித்தான் ஆவணும் யக்கா" என்றான் ராஜ்கமல். "என் மேலயும் வரும், ராடு போடாம ஏறுனேன்னு. அதுக்காக எழுதாம இருக்க முடியாது. நாளைக்கி இன்னொருத்தன் வேறொரு கம்பத்துல ஏறுவான்."

"எழுது தம்பி. என் பேரப் போட்டு எழுது. சுவிட்சப் போட்டது நான்தான்."

கலைமகள் வீடு பூட்டியிருந்ததால் அந்தப் பக்கத்து முனையைக் கழற்ற வழியில்லை. ராஜ்கமல் கையுறையை மாட்டிக்கொண்டு சுவரின்மேல் வைத்தே ஒயரை வெட்டினான். ஒரு பாதி கலைமகள் கொல்லையில் விழுந்தது. மறுபாதி மாடியிலிருந்து தொங்கியது. வெட்டுப்பட்ட முனையில் செம்பு பளபளத்தது.

வேலை இன்னும் பாக்கி இருந்தது. அறுந்து கிடக்கிற கம்பியைத் தூக்கிக் கட்டாமல் பகுதிக்குக் கரண்ட் விட முடியாது. ராஜ்கமல் மறுபடி சந்துக்குப் போய்க் கம்பத்தடியில் நின்றான். இந்தமுறை ராடை எடுத்து மாட்டச் சொன்னான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான். எல்லாம் சரி. ஆனாலும் ஏணியில் வைத்த காலை எடுத்தான், வைத்தான், எடுத்தான். பதினாறு வருஷமாகக் கம்பம் ஏறுகிறவனுக்குக் கால் வரவில்லை.

"யக்கா" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டான். "கரண்ட் இல்லல்ல?"

"இல்ல தம்பி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அஞ்சலாட்சி துவைக்கிற கல்மேல் ஏறினாள். மாடியிலிருந்து தொங்கிய ஒயரின் முனையைப் பிடித்தாள். வெட்டுப்பட்ட செம்பு உள்ளங்கைக்குள் இருக்கும்படி, வெறும் கையால், இறுக்கிப் பிடித்து, அவனுக்குத் தெரிகிற மாதிரி சுவருக்குமேலே தூக்கிக் காட்டினாள்.

"இதோ, என் கையிலதான் இருக்குது. வந்தா எனக்குத்தான் மொதல்ல வரும். நீ ஏறு."

"ஏ அஞ்சல, உடுடி அத! பைத்தியமா ஒனக்கு?" புருஷோத்தமன் பதறி எழுந்து வந்தார். "சுவிட்சுல ஈரம் எறங்கியிருந்தா என்னா பண்ணுவ? உடு!"

அவள் விடவில்லை. சுவிட்சை அணைத்தோமே, சரியாகத்தான் அணைத்தோமா என்கிற எண்ணம் அவளுக்கும் வந்தது. அணைத்தது நிச்சயம்தான். ஆனாலும் பிடியை இன்னும் இறுக்கினாள். கம்பத்தில் அவன் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படிக்கும் திரும்பி அவள் கையைப் பார்த்தான்.

"கம்பத்துல ஏறுறவன் கூலிய நாம ஏன் குடுக்கணும்னு மைக்குல கேட்டீங்களே" என்றாள் அவள், கண்ணைக் கம்பத்திலிருந்து எடுக்காமல். "அதோ ஏறுறான். பாருங்க."

சந்தின் முனையில் ஆட்டோ வந்து நின்றது. கலைமகள் வெறும் துணிப்பையோடு இறங்கி, நின்றவர்களைப் பார்த்து, சுவரில் தன் லைனிங்கைப் பார்த்து, "ஐயையோ, முகூர்த்தப் பிளவுசு குடுக்கப் போற அவசரத்துல…" என்று ஓடி வந்தாள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. ராஜ்கமல் உச்சிக்குப் போய்க் கயிற்றை மாட்டினான். கையை நீட்டினான். பாதியில் நிறுத்தி, கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சுவருக்குமேலே அந்தக் கை அப்படியே இருந்தது. அவன் கம்பியைப் பிடித்தான்.

வேலை முடிய அரைமணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அவன் இறங்கி, இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்று, "ஆச்சு யக்கா, உட்டுடுங்க" என்று சொல்கிறவரை அஞ்சலாட்சி அந்த முனையை விடவில்லை. சொன்ன பிறகும் அவளால் உடனே விட முடியவில்லை. புருஷோத்தமன் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் ஒயரை எடுக்க வேண்டியிருந்தது.